ஸ்ட்ராட்டா இடக்கை கோல்ஃப் செட்: வாங்கும் முன் எந்தப் பக்கம் நிற்பது என்று முடிவு செய்யுங்கள்

இடது கையால் எழுதுகிறீர்கள் என்று தெரிந்ததும் கடைக்காரர் நேராக இடக்கை மட்டைகள் இருக்கும் பக்கம் அழைத்துப் போனால், கொஞ்சம் பொறுங்கள். காலவே நிறுவனத்தின் ஸ்ட்ராட்டா 12 உருப்படி இடக்கை செட், தொடக்கக்காரருக்கு நல்ல பொருள். ஆனால் உண்மையிலேயே அந்தப் பக்கம் நின்று ஆட வேண்டியவருக்குத்தான் நல்ல பொருள். எழுதும் கையை மட்டும் வைத்து வாங்குகிறவர்களில் பலர் ஒரு பருவம் முடிவதற்குள் அதை விற்க அலைகிறார்கள். இடக்கை செட்டுக்கு மறுவிற்பனைச் சந்தை சிறியது. போட்ட காசு திரும்பாது.

நம்மவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு: கிரிக்கெட். வலக்கை மட்டையாளர் இடது தோளைப் பந்துவீச்சாளர் பக்கம் காட்டி நிற்பார், வலது கை கீழே பிடிக்கும். வலக்கை கோல்ஃப் ஆட்டக்காரரும் அப்படியேதான், இடது தோள் இலக்கைப் பார்க்க, வலது கை கீழே வர நிற்கிறார். ஆகவே சிறு வயதில் தெருவில் எந்தப் பக்கம் நின்று ஆடினீர்களோ, அதுதான் முதல் சாட்சி. வாஷிங்டன் சுந்தர் வலது கையால் பந்து வீசி இடக்கையாக மட்டை பிடிக்கிறார். சச்சின் இடது கையால் எழுதி வலக்கையாக ஆடினார். கோல்ஃபிலும் இதே கதைதான். 1963இல் பிரிட்டிஷ் ஓப்பனை வென்று, மேஜர் எனப்படும் பெரிய போட்டிகளில் பட்டம் பெற்ற முதல் இடக்கை ஆட்டக்காரரான நியூசிலாந்தின் பாப் சார்ல்ஸ், மற்ற வேலைகளை வலது கையால் செய்பவர். 2003 மாஸ்டர்ஸை வென்ற கனடாவின் மைக் வியர், 2023 பிரிட்டிஷ் ஓப்பனை வென்ற பிரையன் ஹார்மன் ஆகியோரும் அப்படித்தான். ஜோர்டன் ஸ்பீத் பேஸ்பாலில் இடது கையால் எறிந்தவர், கோல்ஃபில் வலக்கை. எழுதும் கையும் ஆடும் பக்கமும் ஒன்றாக அமைந்த புபா வாட்சன் போன்றவர்களும் இருக்கிறார்கள்தான்.

கனடாவில் கோல்ஃபை இடக்கையாக ஆடுவோரின் விகிதம் மற்ற நாடுகளைவிட அதிகம். ஐஸ் ஹாக்கியில் வலக்கைப் பிள்ளைகள் பலர் இடப்பக்கமாக ஹாக்கி மட்டை பிடித்துப் பழகுவது அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. டொரொண்டோ பக்கம் ஸ்கார்பரோவிலோ மார்க்கம் நகரிலோ வளர்ந்து ஹாக்கி ஆடிய நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். அங்கே கிரிக்கெட்டைவிட ஹாக்கி மட்டையைப் பிடித்த விதமே நல்ல சாட்சி.

இரண்டு பக்கமும் கை வருகிறது என்பவர்கள் செட் வாங்கும் முன் ஒரு சோதனை செய்ய வேண்டும். பயிற்சித் தளத்தில் வலக்கை, இடக்கை 7ஆம் எண் அயர்ன் (உலோகத் தலை கொண்ட நடுத்தரத் தூர மட்டை) இரண்டையும் வாடகைக்கு எடுங்கள். மட்டை முகத்தில் காலுக்கு அடிக்கும் பவுடர் ஸ்ப்ரேயை மெல்லியதாகத் தெளித்தால் பந்து பட்ட இடம் தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு பக்கமும் 20 பந்து, இடுப்பு உயரம் வரை மட்டும் வீசும் அரை வீச்சு. தூரத்தைப் பார்க்காதீர்கள். முதல் நாளில் தூரம் ஏமாற்றும், பழகிய பக்கத்தின் முரட்டு பலம் அதில் கலந்திருக்கும். பார்க்க வேண்டியவை இரண்டுதான்: பவுடர் அழிந்த தடங்கள் ஒரே இடத்தில் குவிகின்றனவா, வீசி முடித்தபின் முன்காலில் எடையை வைத்து மூன்று நொடி தள்ளாடாமல் நிற்க முடிகிறதா. இரண்டு நாள் கழித்து, பக்கங்களின் வரிசையை மாற்றி மறுபடி செய்யுங்கள். முதல் நாள் களைத்த பிறகு அடித்த பக்கத்துக்கு அநியாயம் நடந்திருக்கலாம்.

திரையை நோக்கி அடிக்கும் சிமுலேட்டர் அறையில் சோதிப்பதானால், முன்பதிவின்போதே இடக்கை என்று சொல்லிவிடுங்கள். பந்துக்கு எதிரே தரையில் வைத்து அடியை அளக்கும் கேமரா வகைக் கருவியை இடக்கைக்கு மறுபக்கம் நகர்த்த வேண்டும். கூரையில் பொருத்திய கருவிக்கு இந்தத் தொல்லை இல்லை.

வலக்கையாக ஏற்கெனவே இரண்டு மூன்று வருடம் ஓரளவு நன்றாக ஆடும் இடக்கைக்காரர் மாறத் தேவையில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து. மைக் வியர் 13 வயதில் கோல்ஃப் ஜாம்பவான் ஜாக் நிக்லாஸுக்குக் கடிதம் எழுதி, வலக்கைக்கு மாறவா என்று கேட்டார். இயல்பாக வரும் பக்கத்திலேயே இரு என்று பதில் வந்தது.

சரி, செட்டுக்கு வருவோம். ஸ்ட்ராட்டா 12இல் மட்டைகள் ஒன்பது: தூர அடிக்கு டிரைவர், 3 வுட், வுட்டுக்கும் அயர்னுக்கும் இடைப்பட்ட 5 ஹைப்ரிட், 6 முதல் 9 வரை அயர்ன், பந்தை உயரக் கிளப்பும் பிட்சிங் வெட்ஜ், குழிக்குள் உருட்டும் பட்டர். மீதி மூன்று, ஸ்டாண்ட் பையும் மட்டைத் தலைக்கான இரண்டு உறைகளும். ஆண்களுக்கான செட்டில் அயர்ன்களுக்கு எஃகுத் தண்டு, டிரைவருக்கும் வுட்டுக்கும் கிராஃபைட் தண்டு. பெரிய நிறுவனங்களின் புது டிரைவர் ஒன்றுக்குக் கொடுக்கும் விலைக்குள் இந்த முழு செட்டும் அடங்கிவிடும். இடக்கையில் கடைசி நிமிடத்தில் தனித்தனியாகத் தேடி அலையாமல் ஒரே பெட்டியில் எல்லாம் கிடைப்பதே இதன் பெரிய பலம். அயர்ன்களின் தலை அகலமானது, அடிப்பாகம் தடித்தது. கொஞ்சம் முன்னால் தரையைத் தொட்டாலும் மண்ணில் ஆழமாகப் புதையாது. ஹைப்ரிட்தான் செட்டின் மாணிக்கம், புல் அடர்ந்த இடத்திலிருந்தும் பந்தைக் கிளப்பித் தரும்.

குறைகளும் உண்டு. சாண்ட் வெட்ஜ் இல்லை. மணல் குழியில் பிட்சிங் வெட்ஜால் அடித்தால் கூர்மையான முன்விளிம்பு மணலுக்குள் இறங்கிப் பந்து அங்கேயே நிற்கும். ஆகவே முகச் சாய்வு 54 முதல் 56 பாகை, மணலில் புதையாமல் காக்கும் அடிப்பாகச் சாய்வான பவுன்ஸ் 10 முதல் 12 பாகை உள்ள இடக்கை வெட்ஜ் ஒன்றை முதல் மாதத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். விதிப்படி 14 மட்டை வரை வைத்திருக்கலாம், எனவே இடம் தாராளமாக இருக்கிறது. 3 வுட்டுக்கும் 5 ஹைப்ரிட்டுக்கும் நடுவே அடிக்கும் தூரத்தில் பெரிய இடைவெளியும் இருக்கிறது. தொடக்கத்தில் அது உறுத்தாது. பட்டர் சுமார்தான், முதலில் மாற்றத் தோன்றுவது அதுவாகத்தான் இருக்கும்.

பட்டரில் மட்டும் ஒரு சலுகை உண்டு. இரு முகங்களும் ஒத்த தன்மையுடன் இருந்தால் இரண்டு முகப் பட்டரை விதி அனுமதிக்கிறது. பக்கம் இன்னும் முடிவாகாதவர் குழியைச் சுற்றிய கிரீனில் மட்டும் இரண்டையும் முயலலாம். இதே உருவில், கிரீனுக்கு அருகிலிருந்து அடிக்க விற்கும் இருமுகச் சிப்பர்களை வாங்காதீர்கள், போட்டியில் அவை செல்லாது.

இடக்கைக்காரர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் லை கோணம், அதாவது தண்டு தரையோடு அமையும் சாய்வு. இணையத்தில் கிடைக்கும் அட்டவணைகள் வலக்கைக்கு எழுதப்பட்டவை, அப்படியே படித்தால் தலைகீழாகத் திருத்துவீர்கள். மட்டையின் அடியில் டேப் ஒட்டிக் கடினப் பலகை மேல் அடியுங்கள். தேய்மானம் தண்டுப் பக்கமாக இருந்தால் மட்டை உங்களுக்கு அதிக நிமிர்வு, இடக்கையில் பந்து வலப்பக்கம் போகும். நுனிப் பக்கம் தேய்ந்தால் மட்டை படுத்திருக்கிறது, பந்து இடப்பக்கம் போகும். ஸ்லைஸ் என்று சொல்லும், பந்து வெளிப்பக்கம் வளைந்து போகும் பிழையும் அப்படியே: உங்களுக்கு அது இடப்பக்கம் வளைவது. பயிற்சிக் காணொளிகளைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், குழப்பம் பாதி தீரும். வார்ப்புத் தலை என்பதால் வளைத்துத் திருத்தக் கடைகள் தயங்கும். எனவே வாங்கும் முன்பே 7 அயர்னை வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. பிடிக்குப் போடும் ரப்பருக்கு இடம் வலம் கிடையாது, அதற்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம்.

கையுறையிலும் கவனம் வேண்டும். இடக்கை ஆட்டக்காரர் அணிவது வலது கையில். கையுறைப் பொதியில் 'இடது' என்று எழுதியிருப்பது சில நிறுவனங்களில் அணியும் கையையும், சிலவற்றில் ஆடும் பக்கத்தையும் குறிக்கும். கட்டை விரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து எடுங்கள்.

பிள்ளைகளுக்கு இந்தச் செட் வேண்டாம். பெரியவர்களின் மட்டையை வெட்டிக் குட்டையாக்கினால் தலையின் எடை அப்படியே இருக்கும், பிள்ளையால் வீச முடியாது. யு.எஸ். கிட்ஸ் நிறுவனம் உயரத்தை அளந்து மூன்று மூன்று அங்குல வித்தியாசத்தில் இடக்கை மட்டைகளும் தருகிறது, அதுவே மேல். அதற்கும் முன், வலது இடது பிளாஸ்டிக் மட்டைகள் இரண்டையும் தரையில் போட்டு எதை எடுக்கிறார்கள் என்று பாருங்கள். சொல்லிக்கொடுக்கும்போது பிள்ளைக்கு எதிரே நிற்காதீர்கள். மற்ற எல்லாவற்றுக்கும் வலது கையைப் பயன்படுத்தும் ஃபில் மிக்கெல்சன், தந்தையை எதிரே நின்று பார்த்து அப்படியே நகலெடுத்ததால்தான் இடக்கையாக ஆடத் தொடங்கினார். உங்கள் பக்கத்தைப் பிள்ளை மேல் ஏற்றாமல் இருக்க, அவர்களுக்குப் பின்னால் நின்று பேசுங்கள்.