உப்புக்காற்றில் ஜேன் ஆஸ்டின்: எந்தப் 'பெர்சுவேஷன்' வாங்கலாம்?

ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் என்று கேட்டால் கடையில் எடுத்து நீட்டுவது 'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்'தான். கீழக்கரை, பாம்பன், தொண்டிப் பக்கத்து வாசகர் அதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைக்கலாம். முதலில் அவருடைய இன்னொரு நாவல் 'பெர்சுவேஷன்'. அது 61 அத்தியாயம், இது 24. நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். அதைவிட முக்கியம், இதில் வருகிறவர்களில் பலர் கடலோடிகள்.

கதாநாயகி ஆன் எலியட்டுக்கு 19 வயதில் கடற்படை அதிகாரி வென்ட்வர்த்தோடு கல்யாணம் பேசி முடிகிறது. பையனுக்குச் சொத்து இல்லை, பிழைப்பு கடலில். தாய் ஸ்தானத்தில் இருக்கும் லேடி ரஸ்ஸல் வேண்டாம் என்கிறாள், இவளும் விட்டுவிடுகிறாள். எட்டு வருஷம் கழித்து அவன் 25,000 பவுண்டோடு வந்து நிற்கிறான். கப்பல்காரனுக்குப் பெண் கொடுப்பதா என்ற பேச்சை இந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டாம். அந்தப் பணம் எப்படி வந்தது என்பதும் இங்கே சுலபமாகப் புரியும். பாடு முடிந்து மீன் விற்ற காசைப் பங்கு பிரிப்பதுபோல, பிடிபட்ட எதிரிக் கப்பலின் விலையைத் தலைவன் முதல் கடைசி மாலுமி வரை பிரித்துக்கொள்வார்கள். பெரும்பங்கு தலைவனுக்கு.

ஆஸ்டின் இதையெல்லாம் வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவர். 1775 டிசம்பர் 16 அன்று இங்கிலாந்தில் ஸ்டீவன்டன் என்ற சிற்றூரில் பாதிரியார் வீட்டில் பிறந்தார். சகோதரர்களில் இருவர், ஃபிரான்சிஸும் சார்லஸும், கடற்படையில் தளபதி நிலைவரை போனவர்கள். சார்லஸ் 1852ல் பர்மாவில் இறந்தார். கல்லறை திருகோணமலையில் இருக்கிறது. அத்தை ஃபிலடெல்ஃபியா மாப்பிள்ளை தேடிக் கப்பலேறி வந்து, 1753ல் கல்யாணம் செய்துகொண்டது நம் கடலூரில். நாவலில் வரும் திருமதி கிராஃப்ட் கணவனோடு கப்பலிலேயே குடித்தனம் நடத்தியவள், 'ஈஸ்ட் இண்டீஸ்' எனப்பட்ட இந்தியப் பக்கம் வரை வந்து போனவள். அவளைப் படிக்கும்போது இதெல்லாம் நினைவில் இருந்தால் நல்லது.

இனிப் புத்தகம். ஆசிரியர் இறந்தது 1817 ஜூலை 18 அன்று, 41 வயதில். உரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது; யாரும் அச்சடிக்கலாம். கோளாறும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மலிவுப் பதிப்புகள் பல, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் உரையை அப்படியே இறக்கி அச்சுக்கு அனுப்பியவை. அடையாளம் லேசானது. சொல்லுக்கு முன்னும் பின்னும் அடிக்கோடு தனியாகத் தொங்கினால், அது மூலத்தில் சாய்வெழுத்தாக இருந்த இடம். யாரும் பிழை திருத்தவில்லை. ஸ்கேன் செய்து எடுத்த உரையாக இருந்தால் 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டிக்கொண்டு 'எம்' ஆகிவிடும். 'மாடர்ன்' என்ற சொல் 'மோடம்' ஆகி நிற்கும். வேறு நாவலாசிரியர் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆஸ்டினில் ஆகாது. இது ஆசிரியர் சொல்வதா, பாத்திரம் மனசுக்குள் நினைப்பதா என்று கோடு கிழிக்க முடியாதபடி இரண்டு குரலையும் ஒரே வாக்கியத்தில் கலந்து எழுதுகிறவர் அவர். கிண்டல் முழுக்க அந்தக் கலவையில் இருக்கிறது. ஒரு மேற்கோள் குறி இடம் மாறினாலும் கிண்டல் செத்துப்போகும்.

சுருக்கப் பதிப்பு மாட்டிக்கொள்ளாமல் இருக்க முதல் பக்கத்தைப் பாருங்கள். ஆனின் அப்பா சர் வால்டர் எலியட் தன் குலப்பெருமை அச்சான புத்தகத்தைத் தவிர வேறெதையும் படிக்காதவர் என்று சொல்லும் ஒரே வாக்கியம், கிட்டத்தட்ட ஒரு பத்தி முழுக்க ஓட வேண்டும். நான்கு குட்டி வாக்கியமாக உடைந்திருந்தால் கீழே வைத்துவிடலாம். இன்னொரு விஷயம், அத்தியாய எண் 12ல் நின்று மறுபடி 1ல் தொடங்கினால் பதற வேண்டாம். முதலில் இரண்டு பாகமாக வந்த நாவல், சில பதிப்புகள் அதை அப்படியே வைத்திருக்கின்றன.

கூடுதல் காசு கொடுக்கத் தகுந்தவை பெங்குவின் கிளாசிக்ஸ், ஆக்ஸ்ஃபோர்டு வேர்ல்ட்ஸ் கிளாசிக்ஸ் மாதிரியான குறிப்புரைப் பதிப்புகள். அதிலும் பின்னிணைப்பைப் பார்த்து வாங்குங்கள். நாவலின் முடிவை ஆஸ்டின் 1816ல் ஒரு தடவை எழுதி, பிடிக்காமல் அடித்துவிட்டு மறுபடி எழுதினார். அந்தக் கழித்த பக்கங்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அவர் முடித்த நாவல்களில் கையெழுத்துப்படி மிஞ்சியது இதற்கு மட்டும்தான். பழைய முடிவில் அட்மிரல் கிராஃப்டின் வீட்டில் வைத்துக் காதலர்கள் சட்டென்று சேர்ந்துவிடுகிறார்கள். புதியதில்தான், 23ஆம் அத்தியாயத்தில், வென்ட்வர்த் எழுதும் அந்தக் கடிதம் வருகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் திருத்தி எழுதுவது என்றால் என்னவென்று தெரியும். அண்ணன் ஹென்றியின் வாழ்க்கைக் குறிப்பும் சேர்ந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம். உயிரோடு இருந்தவரை ஆஸ்டின் நாவல் எதிலும் தன் பேரைப் போடவில்லை. இறந்தபின், 1817 டிசம்பரில் இந்த நாவலோடு வெளியான அந்தக் குறிப்புதான் பேரை வெளியே சொன்னது.

ஆறு நாவலையும் ஒரே கட்டாகப் போட்ட தடிப் புத்தகம் கண்ணுக்கு அழகு. காகிதம் மெலிசு, எழுத்து பொடி, மடியில் வைத்தால் கை கடுக்கும். பரிசாகக் கொடுக்கலாம், படிக்க ஆகாது.

செலவே வேண்டாம் என்றால் புராஜெக்ட் குட்டன்பெர்க் என்ற இலவச நூல் தளத்தில் முழு உரை உண்டு, லிப்ரிவாக்ஸ் என்ற இலவச ஒலிநூல் தளத்தில் ஒலிப்புத்தகம் எட்டு ஒன்பது மணி நேரம் ஓடும். 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' (2000) பார்த்துவிட்டு ஆஸ்டினிடம் வருகிறவர்களுக்கு ஒரு தகவல்: அந்தப் படத்தின் மூலம் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'.

அச்சுப் புத்தகம் வாங்கினால் கட்டுமானத்தைப் பாருங்கள். பேப்பர்பேக் பெரும்பாலும் பசை வைத்து ஒட்டியதுதான். புதுசை ஒரேயடியாக நடுவில் விரித்தால் முதுகு பிளந்து தாள் உதிரும். முதுகை மேசையில் ஊன்றி, முன்னால் பத்துத் தாள், பின்னால் பத்துத் தாள் என்று மாற்றி மாற்றி அழுத்தி நடுவுக்கு வாருங்கள். பழுப்பேறிய மரக்கூழ்த் தாள் கடற்கரை ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகையில் அடிவரை நெளிந்துபோகும். நனைந்தால் வெயிலில் போடாதீர்கள், அட்டை முறுக்கிக்கொள்ளும்; மின்விசிறிக்குக் கீழே நிமிர்த்தி வையுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போட்டு, ராமபாணப் பூச்சிக்கு வசம்புத் துண்டு இரண்டை ஓரத்தில் வைத்தால் போதும்.