பபிள் டீ முத்து: ஸ்டார்ச் மாவா, ஜவ்வரிசியா, பச்சைக் கிழங்கா?

தர்மபுரி மாவட்டத்து அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் மரவள்ளி வயலும் சேகோ (ஜவ்வரிசி) ஆலையும் பார்க்காமல் பஸ்ஸில் போக முடியாது. அந்த ஊர்க்காரர்களே பபிள் டீக்கு, அதாவது மெல்லும் முத்து போட்ட குளிர்ந்த பால் டீக்கு, ஆன்லைனில் பாக்கெட் முத்து வாங்குகிறார்கள். 1980-களில் தைவானில் பால் டீக்குள் போட ஆரம்பித்த அந்தக் கறுப்பு முத்தும் இதே கிழங்கின் ஸ்டார்ச் மாவில் செய்வதுதான். வீட்டில் செய்ய நமக்கு நாலு வழி இருக்கிறது: ஸ்டார்ச் மாவு, ஜவ்வரிசி, பச்சைக் கிழங்கு, பாக்கெட் முத்து. நாலும் ஒரே கிழங்கிலிருந்து வந்தாலும், வாயில் நாலு விதமாக இருக்கும்.

பால் டீக்கு என்றால் எங்கள் தேர்வு ஸ்டார்ச் மாவு. அதனால் அதை விரிவாகவே சொல்லிவிடுகிறோம்.

ஸ்டார்ச் மாவு

வாங்கும்போதே ஒரு குழப்பம் வரும். கிழங்கைச் சீவிக் காயவைத்து அரைத்தது மரவள்ளிக் கிழங்கு மாவு. அதில் நார் இருக்கும், முத்து உருட்டினால் வெடிக்கும். நமக்கு வேண்டியது கிழங்கை அரைத்துப் பாலெடுத்துத் தெளியவைத்த ஸ்டார்ச். வெள்ளை வெளேரென்று இருக்கும், விரலால் அழுத்தினால் கறுக் கறுக்கென்று சத்தம் வரும்.

அளவு: ஸ்டார்ச் 100 கிராம், நாட்டுச் சர்க்கரை 50 கிராம், தண்ணீர் 60 மி.லி. இது ஐந்து டம்ளருக்குத் தாராளமாக வரும். சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள், மண் இருக்கும். மறுபடி அடுப்பில் வைத்துத் தளதளவென்று கொதிக்கும்போது தீயைக் குறைத்து, ஸ்டார்ச்சில் கால் பங்கை மட்டும் போட்டுக் கிளறுங்கள். அரை நிமிடத்துக்குள் வெள்ளை மாவு கண்ணாடிப் பசையாக மாறும். உடனே அடுப்பை அணைத்து மீதி மாவைக் கொட்டி, கை பொறுக்கும் சூட்டில் ஐந்து நிமிடம் பிசையுங்கள்.

முழு வேலையும் அந்தக் கால் பங்கில்தான் இருக்கிறது. மரவள்ளி ஸ்டார்ச் 60 டிகிரிக்கு மேல் போனால்தான் தண்ணீரைக் குடித்து உப்பிப் பசையாகும். கோதுமைபோல் இதில் குளூட்டன் கிடையாது; மாவைப் பிடித்து வைப்பது இந்தப் பசை ஒன்றே. பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் அழுத்தும்போது கெட்டியாக இருக்கும், கையை எடுத்தால் ஒழுகும். மாறாக, எல்லா மாவையும் கொதியில் கொட்டிக் கிளறினால் ரப்பராக இழுக்கும், உருட்டவே முடியாது. பிசையும்போது உதிர்ந்தால் ஒரு தேக்கரண்டி கொதிநீர், கையில் ஒட்டினால் ஒரு மேசைக்கரண்டி உலர் ஸ்டார்ச். பச்சைத் தண்ணீர் மட்டும் வேண்டாம்.

மாவைக் கயிறாகத் திரித்து 7 மி.மீ. துண்டுகளாக வெட்டுங்கள். வெந்தால் பெருக்கும், பெரிதாக வெட்டினால் ஸ்ட்ராவில் ஏறாது. மீதி மாவை ஈரத்துணியில் மூடி வையுங்கள், ஆறினால் விரிசல் விடும். ஒவ்வொன்றாக உருட்ட ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரமாவது பிடிக்கும். பொறுமை இல்லையென்றால் துண்டுகளை முறத்தில் போட்டு, உலர் ஸ்டார்ச் தூவிச் சுற்றிச் சுற்றி ஆட்டுங்கள். சேகோ ஆலையில் ஈர மாவைத் துணித் தொட்டிலில் குலுக்கி மணியாக்குவதும் இதே முறைதான். முழு உருண்டை வராது, மூலை மழுங்கும். குடிக்க அது போதும்.

100 கிராம் முத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர். நன்றாகக் கொதித்த பிறகுதான் போட வேண்டும், வெதுவெதுப்பில் போட்டால் கரைந்து கஞ்சியாகும். மிதந்து வரும்வரை மெதுவாகக் கிளறி, மிதமான கொதியில் 20 நிமிடம், பிறகு அணைத்து மூடிபோட்டு 20 நிமிடம். ஒன்றை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் கடுகளவு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் உள்ளே இன்னும் பச்சை மாவு, ஐந்து நிமிடம் கூட வேண்டும். ஓரத்திலிருந்து நடுவரை ஒரே பழுப்பாகப் பளபளத்தால் பதம். பச்சைத் தண்ணீரில் அலசினால் மேலே இருக்கும் வழவழப்பு போகும். உடனே பாகில் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும்.

பாகுக்கு நாட்டுச் சர்க்கரையா, வெல்லமா, கருப்பட்டியா? நிறத்துக்கும் மணத்துக்கும் கருப்பட்டி முதலிடம். வெல்லமும் நன்று, பளிச்சென்ற மஞ்சள் வெல்லத்தில் ஹைட்ரோஸ் என்ற வெளுக்கவைக்கும் ரசாயனம் சேர்ந்திருக்கலாம், கருத்த அச்சாகப் பார்த்து எடுங்கள். மாவு பிசைய மட்டும் நாட்டுச் சர்க்கரைதான் வசதி. வெல்லத்தின் ஈரம் அச்சுக்கு அச்சு மாறும், தண்ணீர் கணக்கு தப்பும்.

ஜவ்வரிசி

இதில் இரண்டு இருக்கிறது, இரண்டுக்கும் வேலை வேறு. சூட்டில் வறுத்து எடுத்தது மாவு ஜவ்வரிசி, வடகத்துக்குப் போடுவது. ஆவியில் வேகவைத்துக் காயவைத்தது நைலான் ஜவ்வரிசி, பாயசத்தில் உருவம் குலையாமல் நிற்பது.

ஸ்டார்ச் கிடைக்காதபோது மாவு ஜவ்வரிசியை ஈரமில்லாத மிக்சி ஜாரில் அரைத்து, மாவுச் சல்லடையில் சலித்து, மேலே சொன்ன முறையிலேயே பிசையலாம். வறுபட்டதால் ஏற்கெனவே கொஞ்சம் வெந்திருக்கும், தண்ணீரை அதிகம் குடிக்கும்: 100 கிராமுக்கு 70 முதல் 75 மி.லி. பிசைந்து மூடி 15 நிமிடம் ஊறவிடுங்கள். சலிக்காமல் விட்ட குருணை வெந்த முத்தில் நறநறக்கும். எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும் என்பது இதன் பலம். மெல்லும்போது ஸ்டார்ச் முத்தின் இழுவை இதில் முக்கால்வாசிதான் வரும்.

நைலான் ஜவ்வரிசியை முழுசாக வேகவைத்துப் பால் டீயில் போடுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். மணி சிறியது, மெல்ல ஒன்றும் இருக்காது, டீக்கும் அதற்கும் ஒட்டாது. ஆனால் மாம்பழக் காலத்தில் கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. அரை மணி நேரம் ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் 15 நிமிடம் வேகவைத்து, 10 நிமிடம் மூடி, அலசி, மாம்பழக் கூழும் தேங்காய்ப் பாலும் சேர்த்துக் குளிரவைத்தால் பெரிய முத்தைத் தேட மாட்டீர்கள்.

பச்சைக் கிழங்கு

அன்றைக்குத் தோண்டிய சமையல் ரகக் கிழங்கு கைக்கு வந்தால் மட்டும் இதில் இறங்குங்கள். இரண்டு மூன்று நாள் ஆனால் உள்ளே நீலக் கோடு ஓடும், மாவு குறையும். ஆலைக்குப் போகும் கசப்பு ரகம் வேண்டவே வேண்டாம். மரவள்ளியில் சயனைடாக மாறும் பொருள் உண்டு, தோலில் அது அதிகம். பழுப்புத் தோலோடு உள்தோலையும் உரித்துவிடுங்கள்.

ஒரு கிலோ கிழங்கை நறுக்கித் தண்ணீர் விட்டு அரைத்து, வேட்டித் துணியில் பிழிந்தால் திப்பி துணியில் தங்கும், பால் இறங்கும். நாலு மணி நேரம் தெளியவிட்டு மேல் தண்ணீரைக் கொட்டுங்கள். அதை மாட்டுக்கு வைக்கக் கூடாது. புதுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி மறுபடி தெளியவிடுங்கள், இப்படி மூன்று முறை. அடியில் படிந்ததைத் துணியில் பரப்பி ஒரு நாள் நல்ல வெயிலில் காயவைத்தால் 150 முதல் 200 கிராம் ஸ்டார்ச் தேறும். இரவெல்லாம் தண்ணீரிலேயே விட்டால் புளித்த வாடை முத்திலும் வரும். அரைகுறையாகக் காய்ந்தால் உள்ளிருக்கும் ஈரம் 60 மி.லி. கணக்கைக் கெடுத்து மாவு கூழாகும். சரியாக எடுத்தால் முத்து கடை ஸ்டார்ச்சுக்கு ஈடாக வரும், அதைவிட உசத்தியாக வராது. உழைப்பைப் பார்த்தால் கடை மாவுதான் கட்டுப்படி.

பாக்கெட் முத்து

ஐந்து நிமிடத்தில் வேகும் பாக்கெட் ரகத்தை விசேஷத்துக்கு நாற்பது பேருக்கு ஊற்றும்போது வாங்கலாம். மற்ற நாளுக்கு அவசியமில்லை.

டீயும் சேர்க்கையும்

போர் தண்ணீரில் டீ போட்டால் மேலே ஆடை மாதிரி படலம் கட்டி நிறம் மங்கும், காரணம் உப்பு. 2013 முதல் வரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீர் உங்கள் தெருவுக்கு வருமானால் அதையே எடுங்கள். ஒரு டம்ளருக்கு டஸ்ட் டீ 5 கிராம், கொதித்து இறக்கிய தண்ணீர் 120 மி.லி., மூடி நாலு நிமிடம். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் கசப்பு ஐஸில் இன்னும் தூக்கும். வடித்துக் குளிரவைத்து, காய்ச்சி ஆறிய ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பால் 80 மி.லி. சேருங்கள். அதில் 6 சதவீதக் கொழுப்பு, நீல பாக்கெட்டில் 3. ஐஸ் கரைந்ததும் வித்தியாசம் தெரியும். வெல்லப் பாகைச் சூடான பாலில் ஊற்றினால் திரியும். இரண்டும் குளிர்ந்த பிறகே சேர்க்க வேண்டும்.

வெந்த முத்து பாகில் வெளியே நாலு மணி நேரம் தாங்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் வெந்த ஸ்டார்ச் இறுகி நடுவில் சுண்ணாம்புபோல் ஆகிவிடும். மிச்சம் வேண்டுமென்றால் வேகாத முத்தை ஸ்டார்ச் தூவி ஃப்ரீசரில் வைத்து, ஐஸ் இளகவிடாமல் நேரே கொதிநீரில் போடுங்கள். ஸ்ட்ரா 12 மி.மீ. அகலம் வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு முத்தே போடாதீர்கள், தொண்டையில் அடைக்கும். அவர்களுக்கு மாம்பழக் கூழும் பாலும் மட்டும் கொடுங்கள்.