என்டிஏவா, ஏஎஃப்கேட்டா? குடும்பத்தை முன்வைத்து ஓர் அலசல்

பிளஸ் டூ படிக்கிற பிள்ளை “விமானப்படையில் பைலட் ஆகணும்” என்று சொன்னால், கடலூர் வீடுகளில் முதலில் ஆபத்தைப் பற்றித்தான் பேச்சு வரும். கல்யாணம், குழந்தை, வயதான அப்பா அம்மா இதெல்லாம் என்னாகும் என்பதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். மகளிடம் மட்டுமல்ல, மகனிடமும்.

இங்கே பார்க்கப்போவது பைலட் ஆகும் இரண்டு வழிகளை. முதலாவது என்டிஏ, அதாவது தேசிய பாதுகாப்பு அகாடமி. இதில் பதினாறரையிலிருந்து பத்தொன்பதரை வயதுக்குள் சேர வேண்டும். புனே அருகே கடக்வாஸ்லாவில் 3 வருடம், பிறகு ஐதராபாத் பக்கம் துண்டிகலில் விமானப் பயிற்சி. நிரந்தரப் பணி, 20 வருடம் முடித்தால் பென்ஷன். 2022 முதல் பெண்களும் சேர்கிறார்கள்.

இரண்டாவது ஏஎஃப்கேட், அதாவது விமானப்படையின் பொது சேர்க்கைத் தேர்வு. இது டிகிரி முடிப்பவர்களுக்கு, 20 முதல் 24 வயதுக்குள். 14 வருடப் பணி, பென்ஷன் கிடையாது. ஆனால் நாற்பதைத் தொடுவதற்குள் வெளியே வந்துவிடலாம். டிஜிசிஏ என்ற சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் தேர்வெழுதிப் பயணிகள் விமானத்துக்கு மாறுபவர்கள் நிறைய.

எந்த வழியில் போனாலும் விமானி திறன் தேர்வு வாழ்நாளில் ஒரே முறைதான். என்டிஏவுக்குப் போய் அதில் தவறினால், பின்னாளில் ஏஎஃப்கேட் மூலமும் பைலட் ஆக முடியாது. பதினேழு வயதில் அவசரப்படுத்தும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பயிற்சி முடியும் வரை கல்யாணம் கூடாது. அது பெரிய சிரமமில்லை. சிரமம் அதற்குப் பிறகுதான். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை மாற்றல். குழந்தைகளுக்குக் கேந்திரிய வித்யாலயா உண்டு, சமாளிக்கலாம். மனைவி கடலூரில் அரசுப் பள்ளி ஆசிரியை என்றால்? அசாமில் இருக்கிற ஜோர்ஹாட்டுக்கு மாற்றல் கேட்க அவருக்கு வழியே இல்லை. வேலையை விடுவார், அல்லது கணவர் ஓர் ஊரிலும் அவர் மாமியார் வீட்டிலுமாகக் குடித்தனம் நடக்கும். தஞ்சாவூர், சூலூர் விமானத் தளங்களை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். தஞ்சாவூரிலிருந்து காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம்தான். போஸ்டிங் நம் கையில் இல்லையே.

வருடத்துக்கு 60 நாள் விடுப்பு, மேலே 20 நாள் தற்செயல் விடுப்பு. கேட்க நிறைவாக இருக்கும். கடலூரின் மீனவ ஊரான தேவனாம்பட்டினத்தில் மீன்பிடித் தடைக்காலமும் 61 நாள்தான். ஏப்ரல் 15 வந்தால் அப்பா கரையில் இருப்பார் என்று அங்கே குழந்தைக்கும் தெரியும். விமானப்படையில் எல்லையில் பதற்றம் என்றால் எடுத்த விடுப்பும் ரத்து. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியது போல இன்னொரு நாள் வந்தால், ஓடு பறந்த வீட்டில் அப்பா அம்மா மட்டும் இருப்பார்கள். மகன் வேறெங்கோ பணியில் இருப்பான்; கிளம்பி வர முடியாது.

என் ஓட்டு ஏஎஃப்கேட்டுக்கு. இருபத்திரண்டு வயதில் எடுக்கும் முடிவில் பிள்ளையின் சொந்த மனசு இருக்கும். 14 வருடம் என்று தெரிந்தால் துணையும் தன் வேலையை, படிப்பைத் திட்டமிட முடியும். ஒரே சம்பளத்தை நம்பியிருக்கிற குடும்பம் என்றால் மட்டும் என்டிஏ. அங்கே பென்ஷன் முக்கியம்.

எந்த வழியானாலும், வரன் பேசும்போதே மாற்றலையும் விடுப்பு ரத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். பெற்றோரிடம் சொன்னால் போதாது. கட்டிக்கொள்ளப் போகிறவரிடமே நேரில் சொல்லுங்கள்.