கவுன்சிலருக்குக் கிடைக்கிற இன்டெம்னிட்டியும் காப்புறுதியும்: ஒருக்காப் பாவிச்சுப் பாத்தவன்ர ரிவியூ

லோயரிட்ட இருந்து கடிதம் வரும்வரைக்கும் எனக்கு இப்பிடி ஒண்டு இருக்கெண்டதே ஞாபகத்தில இல்ல. எலெக்சன் முடிஞ்ச கையோட கவுன்சில் தந்த ஃபைலுக்குள்ள, பார்க்கிங் பெர்மிட் போர்முக்கும் லப்டொப் பாவிக்கிற விதிக்கும் நடுவில ரெண்டு பக்கம் கிடந்தது, "உறுப்பினர்களுக்கும் அலுவலர்களுக்குமான இன்டெம்னிட்டி" எண்டு தலைப்பு, நான் அதைத் தாண்டி நேர பார்க்கிங்குக்குப் போட்டன்.

கதை இதுதான். லண்டன்ல என்ர வார்ட்டில ஒரு வீட்டை அறை அறையாப் பிரிச்சு வாடகைக்கு விட பிளானிங் கேட்டிருந்தினம், அக்கம்பக்கத்துச் சனம் எனக்கு ஈமெயில் மேல ஈமெயில், நானும் ராத்திரி பதினொண்டரைக்கு வார்ட் ஃபேஸ்புக் குரூப்புக்குள்ள போய், உந்த ஓனர் முதலும் அனுமதி இல்லாமல் வீடு பிரிச்சு கவுன்சிலிட்ட நோட்டீஸ் வாங்கின ஆள்தானே எண்டு எழுதிப்போட்டுப் படுத்திட்டன். ரெண்டு கிழமையில கடிதம் வந்துது. மானநட்டம், பொது மன்னிப்பு, 20,000 பவுண்ஸ், அதோட அவையின்ர லோயர் செலவு. மனிசி அதை ரெண்டு தரம் வாசிச்சிட்டு "இஞ்சேருங்கோ, வீட்டை வித்தே குடுக்கப்போறம்?" எண்டு கேட்டா. என்னட்ட பதில் இல்ல.

விடியக் கவுன்சில்ன்ர மொனிட்டரிங் ஒஃபிசருக்கு, சட்டமும் நடத்தை விதியும் சரியா நடக்குதோ எண்டு பாக்கிற அலுவலருக்கு, அடிச்சன். அவ முதல் சொன்ன விசயம், "அந்த ஆளுக்கு ஒண்டும் எழுதாதேங்கோ, சொறி எண்டு கூட எழுதாதேங்கோ." நான் வட்ஸ்அப்பில ஒரு நீட்டு மன்னிப்பு ரைப் பண்ணி அனுப்புற நிலையில வைச்சிருந்தனான், நல்ல காலம் அனுப்பேல்ல, ஏனெண்டா இன்சூரன்ஸ் கொம்பனியைக் கேக்காமல் பிழையை ஒத்துக்கொண்டா அவை கையை விரிக்கலாமாம், பொலிசியிலயே எழுதிக் கிடக்கு.

இது ஒரு சாமான் இல்ல, ரெண்டு சாமான், எனக்கு விளங்கவே ஒரு கிழமை எடுத்தது. இன்டெம்னிட்டி எண்டது கவுன்சில் தன்ர காசில "உன்ர செலவை நான் பாக்கிறன்" எண்டு தாற வாக்கு. இன்சூரன்ஸ் எண்டது அந்த வாக்குக்குப் பின்னால நிக்க கவுன்சில் வெளிக் கொம்பனியிட்ட வாங்கிற பொலிசி. இங்கிலாந்தில ரெண்டுக்கும் அடிப்படை 2004ஆம் ஆண்டு வந்த ஒரு ஓடர், அதாவது அரசாங்க ஆணை, வேல்ஸுக்கு 2006இல தனியா ஒண்டு. அதில கவுன்சில் குடுக்கலாம் எண்டுதான் இருக்கு, குடுக்கோணும் எண்டு இல்ல. அதால உங்கட கவுன்சில் அதை எந்த மீட்டிங்கில, எந்த வரியளோட ஏத்துக்கொண்டது எண்டு தேடிப் பாருங்கோ. நான் தேடினன், பழைய மினிட்ஸ் ஒண்டில இருந்துது, யாரோ கழகத்துக்குப் பந்தல் போட அனுமதி கேட்ட விசயத்துக்குக் கீழ.

இதுக்கு முதலே ஒரு பழைய கவசம் இருக்கு, 1875ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்ர 265ஆம் பிரிவு. நல்லெண்ணத்தோட கவுன்சில் வேலையாச் செய்ததுக்கு உறுப்பினரையோ அலுவலரையோ தனிப்பட்ட முறையில பிடிக்கேலாது எண்டு சொல்லுது, 1976இல அதை இன்னும் அகலமாக்கினவை. விக்டோரியா மகாராணி காலத்துக் கக்கூஸ், சாக்கடைச் சட்டம் இண்டைக்கும் எங்களைக் காக்குது, சிரிப்பா இருக்கு, ஆனா உண்மை.

சரி, என்ர கேஸுக்கு வாறன். இன்சூரன்ஸ் ஆக்கள் கேட்ட முதல் கேள்வி நான் எழுதினது உண்மையோ பொய்யோ எண்டது இல்ல, நீங்கள் கவுன்சிலரா எழுதினீங்களோ சும்மா ஒரு ஆளா எழுதினீங்களோ எண்டதுதான். முழுக் கதையும் இதில தொங்குது. கவுன்சில் வேலையோட சம்பந்தப்பட்டதெண்டா உள்ள, கட்சி நோட்டீஸில எழுதினது, எலெக்சன் நேரம் வாசல் வாசலாச் சொன்னது, சொந்தக் கோவத்தில கொட்டினது எல்லாம் வெளிய. என்னைக் காப்பாத்தினது ரெண்டு விசயம். ஒண்டு, அண்டைக்குப் பின்னேரம் ஒரு அம்மா அந்த வீட்டைப் பற்றிக் கேட்டு எனக்குப் போட்ட ஈமெயில், நான் கவுன்சில் கணக்கில இருந்து பதில் போட்டிருந்தன். மற்றது, நோட்டீஸ் குடுத்தது உண்மை எண்டு பிளானிங் டிபார்ட்மென்ட் எனக்கு எழுத்தில தந்திருந்தினம். இந்த ரெண்டும் இல்லாமல் பதினொண்டரை மணி ஃபேஸ்புக் மட்டும் இருந்திருந்தா என்ன நடந்திருக்கும் எண்டு யோசிக்க இப்பவும் வயித்தைக் கலக்குது.

அப்பிடியிருந்தும் முழு மனசா ஓம் எண்டு சொல்லேல்ல. இப்போதைக்கு லோயர் செலவை நாங்கள் பாக்கிறம், பிறகு நீங்கள் பொய்யெண்டு தெரிஞ்சே எழுதினது எண்டு வந்தா விலகிற உரிமை எங்களுக்கு இருக்கு எண்டு ஒரு கடிதம் அனுப்பினவை. வாசிக்கேக்க சரியான கோவம் வந்துது, பிறகு மொனிட்டரிங் ஒஃபிசர் இது வழமைதான் எண்டு ஆறுதலாச் சொன்னா. 2004 ஓடரிலயும் அதுதான் இருக்கு, மோசடி, வேணுமெண்டு செய்த பிழை, கண்ணை மூடிக்கொண்டு செய்த பொறுப்பில்லாத்தனம் இதுகளுக்கு இன்டெம்னிட்டி இல்ல.

எல்லாரும் பிழையா நினைக்கிற ஒரு இடம் கிரிமினல் விசயம். கேஸை எதிர்த்து வாதாட செலவு தரலாம், ஆனா குற்றவாளி எண்டு தீர்ப்பு வந்து அப்பீலிலயும் அது நிண்டா வாங்கின காசைத் திருப்பிக் கட்டோணும். அப்ப அது பாதுகாப்போ கடனோ? கவுன்சிலருக்கு இது தூரத்துப் பயம் இல்ல, 2011ஆம் ஆண்டு லோக்கலிசம் சட்டத்தில சொந்தப் பொருளாதார நலனைக் காரணம் இல்லாமல் பதியாமல் விடுறதே கிரிமினல் குற்றம், மனிசியின்ர பேரில இருக்கிற கடையும் அதுக்குள்ள வரும்.

அந்த ஓனரும் சும்மா இருக்கேல்ல, குரூப்பில என்னை லஞ்சம் வாங்கிறவன் எண்டு எழுதினார், எனக்கு ரத்தம் கொதிச்சு, கவுன்சில் காசில நானும் வழக்குப் போடலாமோ எண்டு கேட்டன். ஏலாது. உங்களுக்கு எதிரா வாற மானநட்ட வழக்கை எதிர்க்க இன்டெம்னிட்டி தரலாம், நீங்கள் போடுற மானநட்ட வழக்குக்குத் தரேலாது. வேல்ஸில கார்மார்தன்ஷயர் கவுன்சில் தன்ர தலைமை நிர்வாகி ஒரு வலைப்பதிவருக்கு எதிராப் போட்ட எதிர்வழக்குக்குச் செலவை ஏத்துக்கொண்டு, 2014 ஜனவரியில ஓடிட்டர் அது சட்டத்துக்குப் புறம்பு எண்டு ரிப்போட் எழுதி, பெரிய அவமானமாப் போச்சு. எனக்கு அந்த நேரம் விருப்பமில்லாத விதிதான், ஆனா சனத்தின்ர வரிக்காசில பதவியில இருக்கிறவை சனத்துக்கு எதிரா வழக்காடத் தொடங்கினா எங்க போய் நிக்கும்?

அதோட நடத்தை விதியை மீறினதெண்டு ஒரு முறைப்பாடும் போட்டவர். அதுக்கும் லோயர் தரலாம், ஆனா எங்கட கவுன்சில் விதிப்படி மீறல் எண்டு முடிவு வந்தா திருப்பிக் கட்டோணும். நான் லோயர் எடுக்கேல்ல. ஒவ்வொரு கவுன்சிலும் சுயாதீன ஆள் எண்டு ஒருத்தரை வைச்சிருக்கோணும், முறைப்பாடு வந்த கவுன்சிலர் அவரிட்ட சும்மா கதைக்கலாம், காசில்ல. அரை மணித்தியாலம் கதைச்சன், பாதித் தலையிடி போச்சு. இதை ஏன் அந்த ரெண்டு பக்கத்தில போடேல்ல எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்ல.

பழைய ஆக்களைக் கேட்டா நீங்கள் எல்லாம் சொகுசா இருக்கிறீங்கள் எண்டுவினம், அது சரிதான். 1985இல லிவர்பூல்ல வரி நிர்ணயிக்கிறதைத் தாமதிச்சதுக்கு 47 கவுன்சிலர்மாருக்குச் சேர்த்து 106,103 பவுண்ஸ் தனிப்பட்ட முறையில கட்டச் சொல்லி, பதவியும் போச்சு. வெஸ்ட்மின்ஸ்டர்ல கவுன்சில் தலைவியா இருந்த டேம் ஷேர்லி போர்ட்டர், வோட்டுக்காகக் கவுன்சில் வீடுகளை வித்த ஊழலில கோடிக்கணக்கில மாட்டி, கடைசியா 2004இல 12.3 மில்லியனுக்கு முடிச்சவ. நட்டத்தைக் கவுன்சிலரின்ர சொந்தக் காசில கட்டவைக்கிற அந்த சர்சார்ஜ் முறையை 2000ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்துப்போட்டுது. இப்ப மிச்சம் இருக்கிற பயம் வழக்குச் செலவுதான்.

இன்சூரன்ஸ் கொம்பனி எண்டா நிரந்தரம் எண்டும் நினைக்காதேங்கோ. 1903இல கவுன்சில்களே சேர்ந்து தொடங்கின முனிசிபல் மியூச்சுவல் 1992இல புதுப் பொலிசி எழுதுறதை நிப்பாட்டிச்சுது, இருவது வருசம் கழிச்சு, தந்த கிளெய்ம் காசில 15 வீதத்தைத் திருப்பித் தாங்கோ எண்டு கவுன்சில்களிட்ட கேட்டுது, பிறகு அது 25 வீதமாச்சு.

எனக்குப் பிடிக்காத பகுதி வெளி அமைப்புகள். கவுன்சில் என்னை ஒரு சமூக மண்டப அறக்கட்டளைக்கு ட்ரஸ்டியா அனுப்பினது. அங்க மேசையில இருக்கேக்க என்ர கடமை மண்டபத்துக்கு, கவுன்சிலுக்கு இல்ல. இன்டெம்னிட்டி அங்கயும் வரலாம், கவுன்சில் கேட்டு அல்லது சம்மதிச்சு நீங்கள் அதில இருந்தா, ஆனா எங்கட பொலிசி முதல்ல அந்த அமைப்பின்ர இன்சூரன்ஸைக் கேளுங்கோ எண்டு சொல்லுது. கேட்டன். ட்ரஸ்டிமாருக்கு ஒண்டுமே இல்ல, கூரைக்கும் கண்ணாடிக்கும் மட்டும் எடுத்து வைச்சிருக்கினம். வாங்கும்வரைக்கும் வரமாட்டன் எண்டு நிண்டன், ரெண்டு மாசத்தில வாங்கினவை.

கவுன்சில்ல வேலை செய்யிற ஆக்களுக்கு இது இன்னும் நல்ல சாமான், அவையின்ர பிழைக்கு முதல்ல கவுன்சில்தான் முதலாளியா நிண்டு பதில் சொல்லும். ஆனா கவுன்சில் தானே எடுக்கிற ஒழுக்காற்று விசாரணைக்கு இதை நம்பாதேங்கோ, அதுக்கு யூனியன்.

கார் இன்சூரன்ஸையும் பாருங்கோ, சொந்தக் காரில சைட் பாக்கப் போனா பிசினஸ் யூஸ் வேணும், கவுன்சில் பொலிசி உங்கட காரைப் பாக்காது.

என்ர மார்க் 5க்கு 3.5. காசு நான் ஒரு சதமும் கட்டேல்ல, கிளெய்மில முதல் நாங்கள் கட்டவேண்டிய பங்கான எக்ஸஸும் கவுன்சில்தான். லோயர் நல்லவர், ஒரே ஒரு கடிதம் எழுதினார், நோட்டீஸின்ர கொப்பியை இணைச்சு. ஓனர் பக்கம் பிறகு சத்தமில்ல, மானநட்டத்துக்கு ஒரு வருசத்துக்குள்ள வழக்குப் போடோணும், அது கழிஞ்சு போச்சு. குறைச்ச 1.5 அந்த ரெண்டு பக்கத்தின்ர எழுத்துக்கு, ஒரு மனிசன் விளங்கக்கூடாதெண்டே எழுதினமாதிரி.

அடுத்த எலெக்சன்ல நான் நிக்கேல்ல. இந்தப் பொலிசி நடந்த நாளைப் பாக்கிறதில்ல, கிளெய்ம் வந்த நாளைத்தான் பாக்குது, அப்ப பதவி போன பிறகு பழைய விசயத்துக்குக் கடிதம் வந்தா என்ன கதி எண்டு கேட்டு எழுதினன். முன்னாள் கவுன்சிலர்மாரும் உள்ளதான் எண்டு ரெண்டு வரியில பதில் வந்துது. அதைப் பிரிண்ட் எடுத்து அந்த ஃபைலுக்குள்ளயே வைச்சிருக்கிறன், பார்க்கிங் போர்முக்கு முன்னால.