வீட்டு வாசலில் நாய்க்கு 'கிட்னி செக்கப்' செய்யும் வேன்: பணம் கட்டாதீர்கள்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நாய் வளர்ப்பவர்கள் தயவு செய்து இதைப் படியுங்கள். ஒருவர் வேனில் தோட்டம் தோட்டமாக, தாமான் தாமானாக வருகிறார். நாயின் சிறுநீரை வீட்டு வாசலிலேயே எடுத்து 'கிட்னி ஃபுல் செக்கப்' செய்து தருவதாகச் சொல்கிறார். 150 வெள்ளி. நாங்கள் கட்டினோம். எங்கள் ராணி செத்துப் பிழைத்தாள்.

ராணிக்கு 11 வயது. அப்பா பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் லயத்துக்குப் பின்னால் கிடைத்த குட்டி. அப்பா தவறிய பிறகு அம்மாவுக்கு அவள்தான் துணை. போன வருடக் கடைசியில் அவள் தண்ணீர் குடிப்பது திடீரென்று கூடியது. துணி அலச வைத்த வாளியில்கூடத் தலையை விட்டுக் குடித்தாள். ராத்திரியில் இரண்டு மூன்று முறை கதவைப் பிராண்டுவாள்; திறக்கக் கொஞ்சம் தாமதித்தால் அடுப்படியிலேயே போய்விடுவாள். இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட வீட்டுக்குள் போகாதவள். அதைத் துடைத்துக்கொண்டே அம்மா, "நாத்தமே இல்லடி, பச்சத் தண்ணி மாதிரி இருக்கு" என்றார். அது எவ்வளவு பெரிய அறிகுறி என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியவில்லை.

ஈப்போவுக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். அரை மணி நேரத் தூரம்தான். ஆனால் பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள், எங்களிடம் இருப்பது மோட்டார் சைக்கிள், நான் லீவு போட வேண்டும். இப்படித் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் தாமான் வாட்ஸ்அப் குழுவில் வேன்காரரின் விளம்பரம் வந்தது. பொங்கலுக்கு முந்தின வாரம் கூப்பிட்டோம், வந்தார்.

அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன். ராணி வாசல் சிமெண்டில் போனதை ஒரு சிரிஞ்சால் உறிஞ்சினார். கையுறை இல்லை. வேனின் முன்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் கிடந்த டப்பாவிலிருந்து ஒரு பட்டையை எடுத்தார், வண்ண வண்ணக் கட்டங்கள் ஒட்டிய பிளாஸ்டிக் பட்டை. டப்பாவுக்கு மூடியே இல்லை. பட்டையில் சிறுநீரை விட்டுவிட்டு ஃபோன் பேசப் போனார். திரும்பி வர ஐந்து நிமிடமாவது ஆகியிருக்கும். அப்புறம் நிறத்தைப் பார்த்து, "புரதம் லேசா ட்ரேஸ். அது எல்லா நாய்க்கும் இருக்கும், தங்கச்சி. கிட்னி நல்லா இருக்கு" என்றார். அச்சடித்த தாளில் சிறுநீரின் அடர்த்தி 1.025 என்று எழுதினார். நான் கேட்டேன்: "அப்ப ஏன் அண்ணே இவ்ளோ தண்ணி குடிக்குது?" "பழக்கம்தான். நிறைய குடிக்குது, அதான் நிறைய போகுது. ராத்திரி தண்ணித் தட்ட எடுத்து வச்சிடுங்கம்மா." கூடவே 90 வெள்ளிக்குக் கிட்னியைச் சுத்தம் செய்யும் டானிக் ஒன்று. பாட்டிலில் என்ன இருக்கிறது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

அம்மா சொன்னபடி செய்தார். மூன்று மாதம், தினமும் ராத்திரி எட்டு மணிக்குத் தண்ணீர்த் தட்டை எடுத்து அலமாரி மேல் வைத்தார். ராணி அந்த அலமாரிக்குக் கீழேயே படுத்துக்கொள்வாள். இதை எழுதும்போதுகூட எனக்கு மனசு ஆறவில்லை.

சித்திரை பிறந்த வாரம் சாப்பாட்டை விட்டாள். வாந்தி. வாயில் ஒரு மாதிரி நாற்றம். 19 கிலோ இருந்தவள் 15 கிலோ. பக்கத்து வீட்டு அண்ணன் காரில் ஈப்போவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அங்கே டாக்டர் முதலில் அவள் கழுத்துத் தோலைப் பிடித்து இழுத்து விட்டார். தோல் உடனே படியாமல் கூடாரம் மாதிரி நின்றது. உடம்பில் தண்ணீர் வற்றிப் போயிருக்கிறது என்றார். பிறகு சிறுநீரை எடுத்து, ஒரே ஒரு சொட்டை ஒரு சிறிய குழல் போன்ற கருவியின் கண்ணாடி மேல் விட்டு, வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தார். ரிஃப்ராக்டோமீட்டர் என்று பெயர். என்னையும் பார்க்கச் சொன்னார். உள்ளே நீலமும் வெள்ளையும் சேரும் கோடு 1.009இல் நின்றது. தண்ணீரின் அளவு 1.000.

உடம்பு வற்றியிருக்கும் நாயின் சிறுநீரகம் நன்றாக இருந்தால், தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கெட்டியான சிறுநீரைத்தான் விடுமாம், 1.030க்கு மேல். இவளால் பிடித்து வைக்க முடியவில்லை. அதனால்தான் போகிறது; போனதை ஈடுகட்டத்தான் குடிக்கிறாள். வேன்காரர் சொன்னது தலைகீழ். அந்தத் தண்ணீரையும் நாங்கள் எடுத்து ஒளித்து வைத்திருந்தோம்.

வேன்காரரின் தாளைக் காட்டினேன். பட்டையில் அடர்த்திக்கென்று ஒரு கட்டம் இருந்தாலும் நாய்க்கு அதை நம்பவே கூடாது என்றார் டாக்டர். அந்த 1.025க்கு எந்த மதிப்பும் இல்லை. 'ட்ரேஸ்' விஷயம்தான் என்னை உலுக்கியது. கெட்டியான சிறுநீரில் லேசாகப் புரதம் தெரிந்தால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. தண்ணீர் மாதிரி இருக்கும் சிறுநீரில் அதே 'ட்ரேஸ்' தெரிந்தால், நிறையத் தண்ணீர் கலந்த பிறகும் அவ்வளவு தெரிகிறது என்று அர்த்தம். அடர்த்தியை ஒழுங்காக அளக்காமல் புரதத்தைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. சரியாக அளக்க, சிறுநீரில் உள்ள புரதத்துக்கும், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதத்தை லேபில் பார்ப்பார்கள்; யூபிசி என்பார்கள். நாய்க்கு 0.2க்குள் இருந்தால் நல்லது, 0.5ஐத் தாண்டினால் கோளாறு. ராணிக்கு 1.2. கிருமித் தொற்றோ ரத்தமோ கலந்திருந்தாலும் இந்த எண் ஏறும் என்பதால், முதலில் சிறுநீரின் அடியில் படிந்ததை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். இரண்டு வாரம் கழித்து வீட்டிலிருந்து காலைச் சிறுநீரைக் கொண்டுவரச் சொல்லி மறுபடியும் பார்த்தார்.

ரத்தத்தில் கிரியேட்டினின் லிட்டருக்கு 290 மைக்ரோமோல். சிறுநீரக நோய்க்கான ஐரிஸ் என்ற அளவுகோலின்படி நான்கு நிலைகளில் மூன்றாவது.

அடர்த்தி குறைந்தாலே சிறுநீரக நோய்தான் என்றும் இல்லை. சர்க்கரை நோய், ஹார்மோன் கோளாறு, ஸ்டீராய்டு மருந்து எல்லாம் நாயை அப்படிக் குடிக்க வைக்கும். அதற்காகத்தான் ரத்தத்தையும் சேர்த்துப் பார்ப்பது. ஆனால் ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறுவதற்குள் சிறுநீரகத்தின் முக்கால் பங்கு வேலை போயிருக்குமாம். சிறுநீர் நீர்த்துப் போவது அதற்கும் முன்னாலேயே, மூன்றில் இரண்டு பங்கு போகும் கட்டத்திலேயே தெரிய வரும். பொங்கல் சமயத்தில் அந்த ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டுப் பார்த்திருந்தால் போதும், சாப்பாட்டையும் மருந்தையும் அப்போதே மாற்றியிருக்கலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "நான் டாக்டர்னு எப்ப சொன்னேன்?" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிட்டு என் நம்பரைத் தடுத்துவிட்டார். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் போடலாம் என்றார்கள். யார் மேல் போடுவது? அவர் கொடுத்த தாளில் கம்பெனிப் பெயர் இல்லை, முகவரி இல்லை, ரசீதும் கிடையாது. யாராவது உங்கள் நாய்க்கு நோய் இருக்கிறது, இல்லை என்று முடிவு சொன்னால், மலேசிய கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிந்தவரா என்று கேளுங்கள். 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவும், வருடா வருடம் புதுப்பிக்கும் சான்றிதழும் இருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.

சிறுநீர் எடுப்பது வீட்டிலேயே செய்யக்கூடியதுதான். நாங்கள் பழைய அகப்பையை ஒரு குச்சியில் கட்டி, காலையில் அவள் போகும்போது நடுவில் நீட்டிப் பிடிக்கிறோம். தரையில் கிடப்பதை எடுக்கக் கூடாது. சுத்தமான போத்தலில் ஊற்றி உடனே கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். எலி நடமாடும் தோட்டப்புறத்தில் எலிக்காய்ச்சல் கிருமி நாயின் சிறுநீர் வழியாக நமக்கும் வரும்.

ராணி இப்போது கொஞ்சம் தேறியிருக்கிறாள். சிறுநீரக உணவு, புரதம் போவதைக் குறைக்கும் மாத்திரை, வாரம் இரண்டு முறை தோலுக்கடியில் உப்புநீர். பையைத் துணிக்கொடியில் மாட்டி அம்மாவே ஏற்றுகிறார். தண்ணீர் வீட்டில் மூன்று இடத்தில் இருக்கிறது.

அந்த வேனைப் போன வாரம்கூடப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். அவர் எழுதிக் கொடுத்த தாள் யார் வீட்டிலாவது இருந்தால், அதில் 'ட்ரேஸ்' என்று இருந்தால், இந்த வாரமே நாயை ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். அவர் பேச்சைக் கேட்டுத் தண்ணீர்த் தட்டை எடுத்து வைத்திருந்தால், இப்போதே எழுந்து போய்க் கீழே வையுங்கள்.