பெலகாவியிலிருந்து தருமபுரிக்கு வீடு மாற்றிக் கொடுத்தவர்களுக்கு மூன்று நட்சத்திரம்

24 வருடம் பட்டாளத்தில் இருந்தவன் நான். மூட்டை கட்டுவது புதிதில்லை. ஆனாலும் ஓய்வு பெற்று ஊருக்கு வரும்போது, வீட்டுக்காரி சொன்னாளே என்று ஒரு பேக்கர்ஸ் கம்பெனியிடம் விட்டேன். போனில் 28,000 ரூபாய் என்றார்கள். கடைசியில் கொடுத்தது 39,500.

கட்டிய விதத்தில் குறை சொல்ல மாட்டேன். கண்ணாடிச் சாமான் ஒன்றுகூட உடையவில்லை. என் நம்பர் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டியைக்கூடப் போர்வை சுற்றித்தான் ஏற்றினார்கள். (லடாக் குளிரையே பார்த்த பெட்டி அது!) பணம் ஏறியதெல்லாம் இறக்கும் இடத்தில்தான். பென்னாகரம் ரோட்டிலிருந்து எங்கள் சந்துக்குள் லாரி நுழையாது என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். வந்து பார்த்துவிட்டு, "சார், குட்டியானை வைக்கணும்" என்று தனியாக 3,000 கேட்டார்கள். அப்புறம் மாடிக்கூலி, காத்திருப்புக் கூலி.

அமெரிக்காக்காரன் கதை ஞாபகம் வந்தது. 2005-இல் ராணுவத் தளங்களை மூடவும் இடம் மாற்றவும் 2,100 கோடி டாலர் என்று கணக்குப் போட்டார்கள். ஆனது சுமார் 3,500 கோடி. அங்கேயும் போய்ச் சேரும் இடத்தில் கட்டடம் கட்டியதில்தான் செலவு எகிறியது. 20 வருடத்தில் மிச்சமாகும் என்ற 3,560 கோடியும் 990 கோடியாகச் சுருங்கியது. பென்டகன் கணக்கே தப்பும்போது நான் எம்மாத்திரம்?

கூப்பிடுகிறவர்கள் சின்ன வண்டி, மாடி, இறக்குகூலி எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் சீலிங் ஃபேனின் ஓர் இறக்கை இன்னும் வந்து சேரவில்லை.