வெரிகோஸ் வெயின் காலுறை: ஏழு மாதம் அணிந்து பார்த்ததில்

ஜவுளிக்கடையில் பதினான்கு ஆண்டுகளாக நின்றபடியே வேலை செய்துவரும் எனக்கு, காலையில் தளர்ந்து கிடக்கும் கொலுசு இரவில் கழற்றும்போது தோலில் தடம் பதித்திருப்பது ஒரு நோயின் அறிகுறியாக வெகுநாள் தோன்றவேயில்லை. மாலையானால் கெண்டைக்கால் கனப்பதையும், நள்ளிரவில் சதை பிடித்து இழுப்பதையும், கணுக்காலின் உட்புறம் அரிப்பதையும் வயதின்மேல் பழிபோட்டுவிட்டேன். முழங்காலுக்குப் பின்னால் சிலந்தி வலைபோல நீலக் கோடுகள் படர்ந்த பிறகே மருத்துவரிடம் சென்றேன்.

இரத்த ஓட்டத்தை ஒலியலையால் காட்டும் டாப்ளர் ஸ்கேனை நிற்கவைத்தே எடுத்தார்கள். கெண்டைக்காலை அழுத்திவிட்டுக் கையை எடுத்ததும், மேலேறிய இரத்தம் கீழிறங்காதபடி இரத்தக் குழாய்க்குள் இருக்கும் வால்வுகள் மூடிக்கொள்ள வேண்டும்; அரை விநாடிக்கு மேல் இரத்தம் பின்னோக்கி வழிந்தால் வால்வு பழுது என்று பொருள். வெரிகோஸ் வெயினை ‘நரம்பு சுருட்டிக்கொண்டது’ என்று நாம் பேசுவது நரம்பைப் பற்றியே அல்ல, இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் சிரையைப் பற்றி என்பதும் அன்றுதான் விளங்கியது. கணுக்காலுக்கு மேல் தோல் பழுப்பேறித் தடிக்கத் தொடங்கினால் அடுத்தது ஆறாத புண்ணாக இருக்கலாம் என்பதால், அதற்கு முன்பே வந்தது நல்லதாயிற்று என்றார் மருத்துவர். அவர் எழுதித் தந்தது முழங்கால்வரை அணியும், இரண்டாம் வகுப்பு அழுத்தம் கொண்ட காலுறை; அதாவது கணுக்காலில் 23 முதல் 32 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு இறுக்கி, மேலே செல்லச்செல்லத் தளர்ந்து கொடுப்பது.

முதலில் வாங்கிய ஜோடி வீணாயிற்று. மருந்துக்கடையில் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ‘மீடியம்’ என்று எடுத்துக் கொடுத்தார்கள்; அதன் மேல்விளிம்பு சுருண்டு முழங்காலுக்குக் கீழே கயிறு கட்டியதுபோல் அறுத்தது. வீக்கம் ஏறாத காலை நேரத்தில் கணுக்கால், கெண்டைக்கால் சுற்றளவுகளை நாடாவால் அளந்து இரண்டாவதாக வாங்கியதே பொருந்தியது.

பொருந்திய காலுறையின் பயனைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் பத்து மணி நேரம் நின்ற நாளிலும் கால் கனக்கவில்லை. (கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்ற தமிழ்நாட்டுச் சட்டத்திருத்தம் 2021இலேயே வந்துவிட்டது, எங்கள் தளத்திலும் முக்காலி இருக்கிறது, உட்காரத்தான் நேரம் வாய்ப்பதில்லை.) ஆனால் இது வால்வைச் சரிசெய்வதில்லை, அணியாத நாளில் பழைய கனம் அப்படியே திரும்பிவிடுகிறது.

குறைகளும் உண்டு. சித்திரை வெயிலில் காலுறைக்குள் வியர்த்துத் தோல் நமநமக்கிறது. படுக்கையைவிட்டு இறங்குமுன் அணிய வேண்டும். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டால்தான் பிடி கிடைத்து மேலே ஏறும். மோதிரம் பட்டால் இழை பிரியும்.

தமனி அடைப்பு உள்ளவர்களும் நீரிழிவால் பாத உணர்ச்சி குறைந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதை வாங்கக் கூடாது. திடீரென ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அது இரத்தக்கட்டியாக இருக்கலாம்; காலுறையைத் தேடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஐந்துக்கு மூன்றரை தருவேன். ஏழாம் மாதத்தில் ஒருநாள் கையுறையில்லாமலேயே சுலபமாக ஏறிவிட்டது. மகிழ்ந்துபோய் வேலைக்குச் சென்றேன், மாலையில் கால் கனத்தபோதுதான் மீள்விசை போய்விட்டது புரிந்து, புதிய ஜோடிக்கு மறுபடி நாடாவை எடுத்தேன்.